ஒரு முறம் தவிடு

கார்வேட்டிநகரம்
6-6-1954

அன்புள்ள தாட்சாயணி அக்காவுக்கு,

நலம் என்று எழுதித்தான் வழக்கம். இந்த முறை கை வரவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு எனக்குப் பால் வற்றிவிட்டது. மாட்டுப்பால், ஆட்டுப்பால் எதுவும் உங்கள் பிள்ளைக்கு வயிற்றில் நிற்பதில்லை. ஆமாம், உங்கள் பிள்ளைதான். முதல் இரண்டும் தங்காமல் போனதால், மூன்றாவதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று உங்களுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றேனே, மறந்துவிட்டீர்களா? அந்தத் தவிட்டைப் புழங்காமல் பானையில் வைத்திருக்கிறேன். தெருவே அவனைத் தவிட்டான் என்றுதான் கூப்பிடுகிறது.

டின் பால்மாவுதான் கொடுக்க வேண்டும் என்கிறார் புத்தூர் டாக்டர். புத்தூரில் கிடைக்கவில்லை. திருப்பதிக் கடையில் வந்திறங்கியிருப்பதாகப் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு டின் வாங்கி வையுங்கள். என் வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கொள்வார்.

உங்கள் தங்கை,
இந்திராணி


திருப்பதி
11-6-1954

என் இந்திராணிக்கு,

கடிதம் வந்த அன்றே கடைக்கு ஓடினேன். வாசலில் ஆள் உயரப் போர்டு, அதில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. உள்ளே டின் இல்லை. கடைக்காரர் திருவேங்கடம், "வந்துக்கினே இருக்குதும்மா, நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனால் அன்றைக்கும் நாளைக்காம். கேட்டால் மதராஸிலிருந்து நம் ராஜ்யம் பிரிந்துவிட்டதாம், அங்கிருந்து சரக்கு வரத் தாமதமாம். ராஜ்யம் பிரிந்தது போன வருஷம், நீ விளம்பரம் போட்டது போன வாரமய்யா என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டேன். அந்தப் படத்துக் குழந்தையாவது இதைக் குடித்ததா என்றும் கேட்டேன். மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது. தவிட்டான் கதையைச் சொன்ன பிறகு, வந்ததும் ஒரு டின் தனியாக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என் மகள் செங்கம்மா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இன்றோ நாளையோ என்று இருக்கிறது. அதற்காக என் பிள்ளையை விட்டுவிடுவேனா? நான் பார்த்துக்கொள்கிறேன், வேறெங்கும் அலையாதே.

உன் அக்கா,
தாட்சாயணி


கார்வேட்டிநகரம்
18-6-1954

அக்காவுக்கு,

கஞ்சித் தண்ணீரில்தான் ஓடுகிறது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இப்போதெல்லாம் அழுதால் சத்தம் வருவதில்லை, வாய் மட்டும் கோணுகிறது. இவர் மதராஸுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். அக்கா பார்த்துக்கொள்வார்கள் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைக்காரர் நாளைக்கு என்று சொல்லலாம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
இந்திராணி


திருப்பதி
23-6-1954

இந்திராணிக்கு,

போன வாரம் செங்கம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் பால் சரியாக ஊறவில்லை. வீட்டில் ஒரே அல்லல். நீ கேட்ட டின் வரவேயில்லை, இனி வராது என்கிறார்கள். வேறு ஏற்பாடு செய்துகொள். உன் வீட்டுக்காரரை இங்கே அனுப்ப வேண்டாம், வீண் அலைச்சல்.

தாட்சாயணி


கார்வேட்டிநகரம்
9-7-1954

தாட்சாயணி அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் மனசு கேட்காமல் இவரை அனுப்பினேன். கடைக்காரர் பதறிப்போனாராம். "உங்க புள்ளைக்குன்னுதானே எடுத்து வெச்சிருந்தேன்? அந்தம்மா இருபதாந்தேதியே வாங்கிக்கினு போய்ட்டாங்களே" என்றாராம்.

பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தீர்கள். தொட்டில் பக்கத்தில் டின் இருந்தது, அதில் விளம்பரத்துக் குழந்தையின் படமும் இருந்தது. மோரைக் குடித்துவிட்டு, அங்கிருந்தே மதராஸுக்கு ரயிலேறினார். டின்னோடு அவர் வீட்டுக்கு வந்தது இருபத்தேழாம் தேதி மாலை. தவிட்டான் அன்று காலையிலேயே போய்விட்டான்.

உங்கள் பேத்தி பசித்து அழுதிருப்பாள். அது எனக்குத் தெரியாதா அக்கா? பாதி டின் கொடுத்திருந்தால் போதும் என்றிருப்பேன். எடுத்துக்கொண்டேன் என்று அன்றே ஒரு கார்டு போட்டிருந்தால்கூட இவர் முன்னாலேயே கிளம்பியிருப்பார். பதினேழு நாள் உங்களை நம்பி உட்கார்ந்திருந்தேன். என் வயிறு எரிகிறது.

இவரிடம் இரண்டு பொருள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மதராஸில் வாங்கிய டின் பிரிக்காமல் இருக்கிறது, அது உங்கள் பேத்திக்கு. துணி மூட்டையில் இருப்பது உங்கள் தவிடு. விற்ற பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்க என்னால் முடியவில்லை. அதனால் வாங்கியதைத் திருப்பித் தந்துவிட்டேன்.

இந்திராணி