முப்பது நாளுக்குள்

10 ஜூன், திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் இருக்கிறபடி இருக்கிறோம். மகளின் இருமல் நின்றதா? 2-ஆம் தேதி தொலைபேசியில் பேசியபோது இரண்டு முறை இருமினாள்.

மருத்துவமனைகளில் மக்கள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று அளக்கும் உங்கள் அலுவலகத்திலிருந்து, 7-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகல் 11.20-க்கு ஒரு பெண் அழைத்தாள். எங்கள் தெருவாரை அழைத்துக் கேட்பார்கள் என்று முன்னதாக வந்த அறிவிப்பில் உங்கள் கையெழுத்தைக் கண்டு நான் அடைந்த பெருமிதம் சொல்லி முடியாது. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டினேன். உங்களுக்குக் குறை வராதபடி பதில் சொல்லியிருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தையின் கண்புரை அறுவை சிகிச்சைக்கு அக்டோபர் 15 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு வாங்கியது பிப்ரவரி 6. "நாள் எண்ணுறதை விட்டுட்டு இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க" என்கிறாள்.

உங்கள் நலம் நாடும்,
மாமனார்

*

ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் மகளுக்கு இருமல் போய்விட்டது. என்னைத் திட்டும் குரல் பழையபடி கணீரென்று வருகிறது.

அறிக்கை வெளியாகிவிட்டது. கண் சிகிச்சைக்கு மிகக் குறைந்த நாள் காத்திருப்பது உங்கள் வட்டாரத்தில்தான். சராசரி இருபத்தெட்டே நாள்! தலைமை அதிகாரி என்னை அழைத்துக் கைகுலுக்கினார். அத்தையிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

19 செப்டம்பர், வியாழக்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் வாரம் இருக்கிறது, தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு ஆகஸ்ட் 28 என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று மருத்துவமனையிலிருந்து வந்த தாளை நான்கு முறை படித்தேன். இங்கே காத்திருப்பு மிகக் குறைவாம். எனவே இரண்டு கண் மருத்துவர்களில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எனவே அத்தையின் நாள் அடுத்த மார்ச் 11-க்குத் தள்ளிப்போயிற்றாம். குறைவாக இருப்பதால் கூடியிருக்கிறது. இதை எப்படிப் பொருள்கொள்வது? இன்று அத்தையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டேன். "பெரியவரே, இங்க யாரும் அதிகம் காத்திருக்கிறதே இல்லன்னு மேல சொல்லிட்டாங்க" என்றாள் கவுன்ட்டர் பெண். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

திரும்பும்போது அத்தை படியைத் தவறவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு. "நான் சரியாத்தான் வெச்சேன், படிதான் நகர்ந்துபோச்சு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தயவுசெய்து விளக்குங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

*

25 செப்டம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கும் தலை சுற்றுகிறது. உங்கள் வட்டாரத்துக்குக் குலுக்கலில் விழுந்தது உங்கள் தெரு. கண் பிரிவுக்குப் போன பதினேழு வீட்டாரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள்: முப்பது நாளுக்குள். உங்கள் வீட்டுப் பதிலும் அதுதான்.

கோபிக்காதீர்கள். மற்றவர்களிடமும் நீங்கள்தான் சொன்னீர்களா? உண்மையான தேதிகளும், பொய்க்கான காரணமும் எழுத்தில் வந்தால் மறுபடி அளக்க வைக்கலாம், மருத்துவரும் திரும்பலாம். ஆனால் காரணத்தில் என் பெயர் இருந்தால் இந்த நாற்காலி எனக்கு இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எது சரியென்று தெரியவில்லை, மாமா. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

மாப்பிள்ளை

*

4 அக்டோபர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆம், நான்தான். "நம்ம மாப்பிள்ளை ஆபீஸ், கொஞ்சம் நல்லபடியா சொல்லுங்க" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டேன். "எத்தனை நாள்னு சொல்லட்டும்?" என்று எதிர்வீட்டுத் தையற்காரர் கேட்டபோது முப்பது என்ற எண்ணைக் கொடுத்ததும் நானே. எழுபத்தொன்பது வயதில் நான் அறிந்தே சொன்ன ஒரே தவறான கணக்கு அது. உங்களை உயர்த்தச் செய்தது இவளை இருட்டில் தள்ளியது. இப்போது உங்களையும் இறக்கப்போகிறது. யாருக்கு என்ன செய்தேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். பதினேழு வீட்டின் சரியான தேதிகள் கையெழுத்துடன் இத்துடன் உள்ளன. தையற்காரர் காத்திருந்தது 233 நாள். "இப்ப எந்த மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

காரணத்தைத் தனித்தாளில், உங்கள் பெயரையும் என் பெயரையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். உங்கள் கையாலேயே தலைமை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். மகளுக்கு நானே எழுதிவிட்டேன்.

அத்தை வேண்டாம் என்கிறாள். "மாப்பிள்ளைக்கு வேலை போயிடும்ங்க. இந்தப் பார்வையே எனக்குப் போதும்" என்கிறாள். நேற்று மாலை 4.10-க்கு நான் வெளியே போய்விட்டு வந்து வாசலில் நின்றேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "யாருங்க? அவரு வீட்ல இல்லையே" என்றாள்.

உங்கள்,
மாமனார்