ஆறாவது பாடம்

இன்று காலை தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கையில் வழிந்துவிட்டது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் மணம் போகவில்லை. நீர் பக்கத்தில் இருந்திருந்தால், "உந்தக் கையோடை கோப்பையைத் தொடாதேங்கோ" என்று ஒரு சத்தம் போட்டிருப்பீர். சத்தம் போட ஆளில்லாத வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

நீர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் உம்முடைய புத்தகப்பை எங்கே போனதென்று உமக்கே தெரியாது. பிறகு கலியாணம், மகள், புத்தூரில் இந்தத் தோட்டம். மகளைக் கட்டிக்கொடுத்த பின்னர்தான் கோப்பாயில் ஒரு முன்பள்ளிக்கு உதவியாளராகப் போனீர். பிள்ளைகள் உம்முடைய சேலைத் தலைப்பை விடமாட்டார்கள். ஆனால் ஆசிரியையாக எடுப்பதென்றால் சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் விண்ணப்பம் போட்டீர். ஐந்து பாடம் ஒரே தடவையில் வந்தது. விஞ்ஞானம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை.

"பேரப்பிள்ளையைத் தூக்கிற வயசிலை உனக்கென்னத்துக்குச் சோதினை?" என்று என் அக்கா கேட்டபோது நீர் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனீர். நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விஞ்ஞானத்தில் உம்மை விழுத்தியது சக்தி என்ற அலகு. குசினிக்குள் புட்டு அவித்தபடி, இயக்கசக்தி, அழுத்தசக்தி, இரசாயனசக்தி, வெப்பசக்தி என்று தேவாரம் போல ஒப்பிப்பீர். பெயர் ஒன்றும் தவறாது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் மட்டும் திகைத்துப்போவீர். இரண்டாவது முடிவு வந்த அன்று புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டீர். "எனக்கு உது சரிவராதப்பா" என்றீர். அன்று உம்முடைய முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பங்குக் கிணற்றில் எங்களுடைய முறை. ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு, ஆளுக்கொரு நேரம். வெங்காயம் தண்ணீருக்குக் காய்ந்து நின்றது. நீர் தேத்தண்ணீர் கொண்டுவந்தீர். நான் உம்மைச் சிரிக்க வைக்கிறேன் என்று பகிடி விட்டுக்கொண்டு மிசினின் கயிற்றை இழுத்தேன். பெற்றோலில் தொடங்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கதைப் பராக்கில் உடனேயே திருப்பிவிட்டேன். மிசின் இருமி, வெள்ளைப் புகை கக்கி நின்றுபோனது. இழுத்து இழுத்துத் தோள்மூட்டுக் கழன்றதுதான் மிச்சம். அடுத்த முறைக்காரன் செல்வராசா மண்வெட்டியோடு வந்து நின்றான். நான் மிசினைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன்.

நீர் குனிந்து மிசினில் கையை வைத்துப் பார்த்தீர்.

"இது இன்னும் சூடேறேல்லை. மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் நல்லா ஆவியாகும். பெற்றோல் குளிருக்கையே ஆவியாகும். அதுக்குத்தானே முதல் பெற்றோல் விடுறது?"

முப்பது வருடமாக நான் அந்த மிசினைத் தொடங்கி வந்தவன். ஏன் முதலில் பெற்றோல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஐயா செய்தார், நானும் செய்தேன். உமக்கும் உம்முடைய வாயிலிருந்து வந்தது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்.

"பிறகு என்னக்கா நடக்குது?" என்று செல்வராசா கேட்டான்.

விரலை நீட்டிச் சொல்லத் தொடங்கினீர். "எண்ணெய்க்குள்ளை இருக்கிறது இரசாயனசக்தி. எரியேக்கை வெப்பம். சில்லுச் சுத்தேக்கை இயக்கசக்தி. உந்தக் காதடைக்கிற சத்தமும் ஒரு சக்திதான். தண்ணி மேலை தொட்டிக்கு ஏறி நிண்டால், அந்த உயரத்தாலை வாறது அழுத்தசக்தி. திறந்துவிட்டால் அது திரும்பவும் ஓட்டமாகும். ஒண்டும் இல்லாமல் போறேல்லை, மாறி மாறிப் போகுது."

மிசினைத் துடைத்து, பொறுமையாகச் சூடேற்றி ஓடவிட்டோம். "அரை மணித்தியாலம் கூட எடுங்கோ அண்ணை, நான் பிறகு இறைக்கிறன்" என்று செல்வராசா தன் முறையில் விட்டுத்தந்தான். அந்தக் கிணற்றில் யாரும் யாருக்கும் ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்ததை அதுவரை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீர் கதிரை வைத்து ஏறிப் புத்தகத்தை இறக்கினீர்.

மூன்றாம் தரம் விஞ்ஞானத்துக்கு 'சீ' சித்தி வந்தது. மகள் போனில் பார்த்துச் சொன்னாள். நீர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர். நானோ, "எங்கடை மிசினுக்கெல்லோ சீ குடுத்திருக்கிறாங்கள்" என்று பகிடி விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். நெஞ்சு நிறைந்து, வாழைகளுக்குள் நின்று அழுதது உமக்குத் தெரியாது.

அந்த முன்பள்ளியிலேயே ஐந்து வருடம் ரீச்சராகப் படிப்பித்தீர். பிறகு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர், எழும்பவில்லை.

உம்முடைய செத்தவீட்டன்று, மரண அறிவித்தல் அடிக்கிற அச்சகத்திலிருந்து ஒருவர் விபரம் எழுத வந்தார். "அம்மா வீட்டிலைதானே இருந்தவ? பேருக்கு முன்னாலை ஒண்டும் வராதென்ன?" என்று கேட்டார். "ஓம், வெறும் பேரைப் போடுங்கோ" என்றார் அக்கா.

"முன்பள்ளி ஆசிரியை எண்டு போடுங்கோ," என்றேன். "பெரிய எழுத்திலை போடுங்கோ. மூண்டு தரம் சோதினை எழுதி எடுத்தவ. எனக்குத் தெரியாததை எனக்குப் படிப்பிச்சவ."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உம்மைப் பற்றி நான் வாய்விட்டுப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீர் பத்தடி தள்ளி, ஹோலுக்குள் பெட்டியில் கிடந்தீர்.

அன்றிலிருந்து என்னால் அந்த வாயை மூட முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், சந்தையில் வெங்காயம் நிறுப்பவர், யாராக இருந்தாலும் கதை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறேன். "என்ரை மனிசி ரீச்சர்" என்கிறேன். "ரீச்சராய் இருந்தவ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையப்பா.