உன் நீலச் செருப்பு

அம்மா,

இன்று காலை மெட்ரோ நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். சோதனை இயந்திரத்தில் டிபன் டப்பா என்னவோ போலத் தெரிந்திருக்கிறது. அதை எடுக்கும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் வெளியே வந்து, உன் நீல ரப்பர் செருப்பு மேஜையில் விழுந்தது. பெண் காவலர் என் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், யாருடையது என்று கேட்டார். அம்மாவுடையது, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள் என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாற்பத்தொரு வயதில் முதல் வேலைக்குக் கிளம்பியவள் நீ. மதுரையில் நர்சிங் டிப்ளமா முடித்த கையோடு கல்யாணமாகி, அப்பாவின் சர்க்கார் உத்தியோகத்தோடு தில்லி மோதிபாக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாய். சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அதை எடுத்துத் தூசி தட்டினாய். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க எத்தனை ஆபீஸ் ஜன்னல்களில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். அப்புறம் முதல் இன்டர்வியூவிலேயே கோட்டைவிட்டாய். நோயாளியின் உறவினர் கத்தினால் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்களாம்; உனக்கு ஹிந்தி தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அடுத்த மாதம் இன்னொரு இன்டர்வியூ. இதுவும் கிடைக்கவில்லையென்றால் பேசாமல் விட்டுவிடு என்றார் அப்பா. பிடிவாதம் ஏற ஏற உனக்குப் பேச்சு குறையும்.

அந்த ஒரு மாதம் நம் சமையலறையில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவசரப் பிரிவின் மருந்துத் தள்ளுவண்டித் தட்டுகளைப் போலவே அலமாரியை அடுக்கியிருந்தாய். கடுகு டப்பாவில் அட்ரினலின் என்று சீட்டு, உப்பு டப்பாவில் அட்ரோபின். நான் பேர் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கைவைத்து எடுப்பாய். அப்பா தானே டீ போட்ட அன்று உப்பு டீ குடித்தார். மருந்தெல்லாம் ஒரு வாரத்தில் உனக்கு வசமாகிவிட்டது. ஹிந்திதான் மசியவில்லை.

அதனால் சாயங்காலங்களில் ஒத்திகை. ஆபீஸிலிருந்து வந்த அப்பா நோயாளியாக திவான் கட்டிலில் படுத்து முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொள்வார். நான் அவருடைய மகன் வேஷம். காலனிச் சந்துகளில் பொறுக்கிய ஹிந்தி முழுவதையும் உன் மேல் கொட்டினேன். அம்மாவைத் திட்ட அனுமதி கிடைத்தால் பதினாறு வயதுப் பெண் விடுவாளா? மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி இறங்கி வந்து, மம்மியிடம் இப்படியா பேசுவது என்று என்னைக் கண்டித்துவிட்டுப் போனார். நீயோ ஹிந்தியில் "பையா, பையா", அண்ணா அண்ணா, என்பதற்கு மேல் நகராமல் முழித்துக்கொண்டு நிற்பாய்.

மூன்றாவது வாரம் நான் கையை ஓங்கிக்கொண்டே வந்தேன். நீ குனிந்து அப்பாவின் செருப்பை எடுத்து, என் கைக்கு ஒன்றாகத் திணித்தாய்.

"பாபுஜி கா சப்பல். சம்பால் கே ரக்கோ. ஜாதே டைம் சாஹியே."

அப்பாவின் செருப்பு, பத்திரமாக வை, போகும்போது வேண்டும். அவ்வளவுதான். ஓங்கிய கை தானாக இறங்கிற்று. பேப்பருக்கு அடியிலிருந்து அப்பா, "அப்ப நான் பொழைச்சிட்டேன்" என்றார்.

இந்த ஊரில் கையில் செருப்பைக் கொடுத்தால் அடிக்க வருவார்கள் என்று நான் பயமுறுத்தினேன். நீ அசரவில்லை.

"ரெண்டு கையிலயும் செருப்பு இருந்தா எதால அடிப்பான்? அதுவும் பெத்தவன் செருப்பு. வீட்டுக்கு நடந்து போறவனுக்குத்தானேடி செருப்பு வேணும். அது அவனுக்குப் புரியும்."

பிறகு நீயே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாய். ஹிந்தி வரவில்லை, கைக்கு அகப்பட்டது அதுதான்.

இன்டர்வியூவில் தலைமை நர்ஸே உறவினராக நடித்துக் கத்தினாராம். படுக்கையில் இருந்தது பயிற்சிப் பொம்மை. அதற்கு ஏது செருப்பு? நீ உன் காலில் இருந்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாய். வேலை கொடுக்கிறவர் கையில் செருப்பு! நான் இன்றைக்கும் மேனேஜரிடம் ஒரு நாள் லீவு கேட்க நாலு நாள் யோசிக்கிறேன். உனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவர் செருப்பைத் திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்றாராம்.

பதினோரு வருஷம் போனாய். அடிபட்டவர்களையும் மூச்சு முட்டியவர்களையும் பார்த்துவிட்டு வந்து, எதுவும் நடக்காததுபோல் ரசத்துக்குப் புளி கரைத்தாய். எனக்கு உன்மேல் அப்போதே மலைப்புதான், சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் அவசரப் பிரிவுக்கே கொண்டுபோனோம். உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் நான் கத்தினேன், அம்மா. நம் கூடத்தில் கத்திய அதே வார்த்தைகள், இந்த முறை நடிப்பில்லை. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு ஹரியானாப் பெண், உன்னைப் பார்த்தே இராதவள், நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையிலும் உன் செருப்பை வைத்தாள்.

"ஆன்ட்டி கா சப்பல். சம்பால் கே ரக்கோ. ஜாதே டைம் சாஹியே."

ஹிந்தியிலேயே பிறந்து வளர்ந்தவள் உன் ஓட்டை ஹிந்தியில் சொன்னாள். அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். போகும்போது வேண்டும் என்று நம்பினேன்.

டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கை இல்லை. இரண்டிலும் உன் செருப்பு இருந்தது. இன்னும் கீழே வைக்கவில்லை, அம்மா.