ஒற்றை ஆள் எடை

ஜூன் 4

பட்டறைக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிட்டால். போனில் பேசினால் சண்டையில் போய் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். பால்வண்டிக்காரர் கொண்டுவந்து தருவார்.

முழங்கால் மக்கர் பண்ணுகிறது. கட்டு மாற்றவேண்டிய நோயாளிகள் எல்லாம் மேட்டுத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே ஒரு நர்ஸ் தேவைப்படுகிறது. "முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் போட்டுக்கறோம்" என்று மருத்துவமனை மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வேலை போனால் இந்த வாடகை அறையும் போகும். அப்புறம் நம் வீட்டில் உங்கள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அப்படி வர எனக்கு மனமில்லை.

என் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தித் தருவீர்களா? வாசலில் படி இருக்கிறது, நான் ஒருத்தியே தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கனம் வேண்டாம். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு நர்ஸ்


ஜூன் 9

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

சாப்பிடுகிறேன். ருசிதான் இல்லை.

சைக்கிள் வந்து சேர்ந்தது. வெளியே தொங்கும் கியர் உனக்குச் சரிப்படாது. சேறு பட்டால் செயின் கழன்று நடுமேட்டில் நிற்பாய். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே கியர் அடங்கிய வகையைப் போடுகிறேன். பிரேக்கும் அப்படித்தான். ரப்பர் கட்டை மழையில் வழுக்கும். டிரம் பிரேக் மூடிய டப்பாவுக்குள் பிடிப்பதால் நனையாது. ஆனால் நீளமான இறக்கத்தில் டிரம் சூடேறினால் பிடி தளரும். அதனால் இரண்டு சக்கரத்துக்கும் பெரிய டிரம்மாகவே போடுகிறேன், நூற்று முப்பது கிலோ பாரத்துக்குக் கணக்குப் போட்டு. கனம் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைச் சொதப்பினால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கைதான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

உன்,
பட்டறைக்காரன்


ஜூன் 12

பட்டறைக்காரருக்கு,

மருந்துப் பையோடு சேர்த்தாலும் நான் அந்த நூற்று முப்பதில் பாதிதான். மீதிப் பாதி யார், நீங்களா?

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அலுப்பு. சமையலறைக்கு ஜன்னல் கேட்டேன், பரண் கட்டிக் கொடுத்தீர்கள். பரண் நல்ல பரண்தான். புகையில் இருமிக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வது உங்கள் வழக்கம். அதோடு மல்லுக்கட்டித்தான் ஓய்ந்துபோனேன்.

ஒரு ஆளுக்குப் போடுங்கள்.

நர்ஸ்


ஜூன் 20

அன்புள்ளவளுக்கு,

நீ எழுதியது சரி. சக்கரத்துக்குக் கம்பி கோத்து முடித்துவிட்டுப் பார்த்தால், கேரியருக்கு மெத்தை வேறு தைக்கக் கொடுத்திருக்கிறேன். "பின்னாடி யாருண்ணே உக்காரப்போறது?" என்று வெல்டர் கேட்டார். 

எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். இப்போது சின்ன டிரம், மூன்று கியர் ஹப், கேரியரில் உன் பைக்கு ஒரு கூடை. நீயே தூக்கலாம்.

மோட்டார் செயின் வழியாகத்தான் இழுக்கிறது. அதனால் கியர் மாற்றும்போது மோட்டார் விசையையும் விட்டுவிடு, மிதிப்பதையும் நிறுத்து. அழுத்திக்கொண்டே மாற்றினால் ஹப்புக்குள்ளே பல் உடையும். இது எனக்கும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மேட்டுத் தெரு இறக்கம் பட்டறை வாசலில்தான் முடிகிறது. முடிந்தால் நில். பிரேக்கை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன். எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை.

பட்டறைக்காரன்


ஜூலை 2

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

வண்டி நன்றாக ஏறுகிறது. நானே தூக்கி உள்ளே வைக்கிறேன். மேலாளர் இப்போது வேறு ஆள் பேச்சை எடுப்பதில்லை. கேட்டதை மட்டும் செய்து கொடுத்தீர்கள். முதல் நாள் கூடையில் பையை வைக்கும்போது அழுதுவிட்டேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தீர்ந்தும் வரத் தோன்றவில்லை. களைப்பு மட்டும்தான் மிச்சம். இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நேற்று பட்டறை வழியாகத்தான் இறங்கினேன். நீங்கள் குனிந்து யாருடைய சக்கரத்தையோ சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் நிற்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு நர்ஸ்