மறையூர் பஸ்

14.9.74, சனி இரவு

இன்று எஸ்டேட் கிளப்பில் லீக் செஸ் ஆட்டம். மறையூர் அணியின் வேலுச்சாமி என் ராணியை வெட்டிவிட்டான். இனி நான் தோற்க வேண்டியதுதான் பாக்கி. வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. சட்டென்று எழுந்தான்.

“அண்ணாச்சி, நீங்களே ஜெயிச்சதா எழுதிக்கிடுங்க. பஸ்ஸ விட்டா எம்பொண்டாட்டி சாப்பிடாம உக்காந்திருப்பா.”

சிரித்துக்கொண்டே ஓடினான். கிளப் செயலாளர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, “என்னமா ஆடுதான்!” என்று அவனைத்தான் மெச்சினார். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள் என் பெண்டாட்டி. எழுப்பி, ஜெயித்துவிட்டேன் என்றேன்.

“காலைல சொல்லுங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறையூரில் இந்நேரம் அவன் தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.