மூச்சை அடக்கிக் கேட்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு, இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய்தான் சொல்வாய்.

வேலை முடிந்து வரும்போது கண் அசந்து, காரைச் சுவரில் கொண்டுபோய் மோதியிருக்கிறாய். அதை அண்ணனிடம் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட மூச்சு விடாத, அழுவாங்க" என்றும் சொல்லியிருக்கிறாய். நான் அழவில்லையடி, சொல்ல வந்த அவன்தான் அழுதான். அப்பா, "வண்டி போனா போகட்டும், புள்ள இருக்கால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனவர், சாப்பிடக்கூட இறங்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு, போனில் என்னிடம் திரைச்சீலை வாங்கிய கதையை அளந்தாயே, எப்படி மனசு வந்தது?

உனக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே வந்திருந்தபோது உன் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேனே. அழைப்பு வந்ததும் உன் தோள் இரண்டும் காதுவரை ஏறுகிறது. எதிர்முனையில் யாரோ ஈனக் குரலில் பேச, உன் மூச்சுச் சத்தத்தில் அது தொலைந்துவிடுமோ என்று, முகவரி வரும்வரை மூச்சையே அடக்கிக்கொள்கிறாய். அவர்களிடம் மட்டும் "பதறாம மெதுவா மூச்சு விடுங்க" என்கிறாய். இப்போது நான் போனில் பேசினாலும் அப்படித்தான். உன் பக்கம் சத்தமே இல்லாமல், லைன் போய்விட்டதென்று நான் ஹலோ ஹலோ என்று கத்துகிறேன். உன் அம்மா விபத்தில் மாட்டிக்கொண்டா பேசுகிறாள்?

சரி, மூச்சுப் பயிற்சிக்குப் போனாயே என்று சந்தோஷப்பட்டால், அதிலும் முதல் மார்க் வாங்கப் பார்த்திருக்கிறாய். நெஞ்சைப் புடைத்து இழுத்து, முகம் சிவக்க அடக்கி, தலை சுற்றிக் கட்டிலில் விழுந்தாயாம். சொல்லித் தந்த பெண்ணின் குரல் பதிவை நீதானே எனக்கு அனுப்பினாய்? அதை நீ கேட்டாயா இல்லையா? "இழுக்காதீங்க, வெளியே போக விடுங்க, உள்ளே வர்றது தானா வரும்" என்று எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாள். வயிற்றில் கை வைத்து, தோளைத் தொங்கவிட்டு, சும்மா படுத்திருக்கச் சொல்கிறாள். சும்மா இருப்பதுதான் உனக்கு வராதே! நானும் அப்பாவும் செய்து பார்த்தோம். அவர் பாதியிலேயே குறட்டை விட்டார். எனக்கு, இந்தக் கோபத்திலும், தாடை தளர்ந்தது.

ஓய்வெடுக்கச் சொன்ன மேலதிகாரியிடம், "நான் இல்லன்னா ஆள் பத்தாது" என்றாயாம். பத்தாவிட்டால் அவர்கள் வேறு ஆள் போட்டுக்கொள்வார்கள். உன் இடத்தில் நான் யாரைப் போடுவேன்? விடுப்பு எழுதிக் கொடு. நன்றாகத் தூங்கித் தெளியும்வரை காரைத் தொடாதே, சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவை. இதில் பேரம் கிடையாது.

நோய் நொடி இல்லாமல் நீ நெடுநாள் இருக்கவேண்டும், திட்டினாலும் என் ஆசீர்வாதம் அதுதான். தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். இதைப் படித்ததும் பதறிப் பதில் எழுதாதே, போய்ப் படு. பதில் எத்தனை தாமதமானாலும், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கோபம் தீராத
உன் அம்மா