குளிப்பாட்டியது என் கை

நமுனுகுல, மேல்பிரிவு லயம்

அன்பு மகள் புஷ்பராணிக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டிப் போன நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன். இங்கே சுகம் என்று பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால், வீட்டுக்கு வீடு ஒரே சுவரான இந்த லயத்தில் சுவரெல்லாம் காது, அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படித்த கையால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு முன் உன் மகள் நிரஞ்சலா, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற வேலை முடிந்து பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு வருகிற வழியில் கங்காணி மகன் மறித்துக் கெடுத்துவிட்டான். இப்படிச் சொன்னதற்கு ஆஸ்பத்திரித் தாதி றின்ஸா மிஸ், கெட்டது அவன்தானே ஆச்சி என்று என்னைத் திருத்தினார். என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நடுங்கிக்கொண்டு வந்தவளை வெந்நீர் வைத்துத் தலையோடு குளிப்பாட்டி, உடுப்பையும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துவிட்டேன். என் தங்கை கருப்பம்மாவுக்கு எங்கள் அம்மா செய்ததும் அதுதான், வேறு எனக்கென்ன தெரியும். மறுநாள் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இதற்கென்றே ஓர் அறை, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள். தோய்க்காத உடுப்பு இருந்தால் சாட்சியாக இருந்திருக்கும் என்று மிஸ் சொன்னதும், தோய்த்தது நான்தான் என்றேன். பரவால்ல ஆச்சி, மூணு நாளைக்குள்ள வந்திட்டீங்கதானே, கர்ப்பம் தங்காம நோய் தொத்தாம மருந்து குடுக்கலாம் என்றார். பொலிசுக்குச் சொல்வதா வேண்டாமா என்று நிரஞ்சலாவிடம்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. சொல்லுங்க என்று அவளே சொன்னாள். அது ஒன்றுதான் அன்று அவள் வாயிலிருந்து வந்த சத்தம்.

நேற்று கங்காணி வெற்றிலைத் தட்டோடு வந்தான், பொலிசை விட்டுவிட்டு மகனுக்கே கட்டிவைக்கலாமாம். கருப்பம்மாவுக்கும் இப்படித்தான் தட்டு வந்தது, அன்று வெற்றிலை எடுத்துச் சம்மதம் சொன்ன ஐந்து பேரின் பெயரும் எனக்கு மறக்கவில்லை, அதில் ஒருவன் இந்தக் கங்காணியின் அப்பன். கெடுத்தவனுக்கே கட்டிவைத்தார்கள், அடுத்த மழைக்கு அவள் இல்லை. தட்டைக் காலால் தள்ளிவிட்டேன். இனி உனக்குக் கங்காணியின் போன் வரும், அழுவான், மானம் என்பான். நீ சரி என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளை மறுக்க மாட்டாள், சொல்லிவிடாதே.

மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும், அதற்குள் இரண்டு தரம் மிஸ்ஸிடம் பேசவும் போகவேண்டும், நானே கூட்டிப் போவேன். அவளோடு பேசும்போது ஏன் தனியாக வந்தாய் என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள். அன்றிலிருந்து என் கையால் தண்ணீர் ஊற்ற விடுகிறாளில்லை. வெந்நீர் வைத்தால் அடுப்பிலேயே ஆறிப்போகிறது, இந்தக் குளிரில் வெளியே பீலியில் விழுகிற மலைத் தண்ணீரில் தானே குளித்துவிட்டு வருகிறாள். ஆனாலும் தினமும் வைக்கிறேன்.

ஆத்தா உனக்குத் துணை இருப்பாள். சரி என்று சொல்லிவிடாதே.

உன் அம்மா
இராக்கம்மா